படத்தின் முன் அமர்ந்து ஜெபிப்பது: மலைப் பங்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கும் ஊட்டி காந்தல் குருசடிக்கும் ஜெபிக்க வருகிறவர்கள், தவக்காலத் தியானத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள், வீட்டில் ஒரு படத்தை மாட்டி அதன் முன் உட்காருகிறவர்கள் என்று எல்லோரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

படத்தைப் பார்த்துத் தியானம் பண்றதுன்னா என்ன? சும்மா பார்த்துக்கிட்டே இருக்கறதா?

வேதத்தை வாசிப்பது போலவே படத்தையும் வாசிப்பது. 12-ஆம் நூற்றாண்டில் கூய்கோ என்ற துறவி வேத வாசிப்புக்கு நான்கு படிகள் எழுதி வைத்தார்: வாசி, தியானி, மன்றாடு, பிறகு பேச்சை நிறுத்திக் கடவுள் முன்னிலையில் இரு. அதே நான்கு படிகளைப் படத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். வாசிக்கும் இடத்தில் மட்டும் கண் வேலை செய்யும்.

படத்தில் உள்ள அடையாளங்களுக்குப் பொருள் தெரிந்துகொள்ளத்தான் பலரும் வருகிறார்கள். தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், கீழே சொல்லியும் இருக்கிறோம். ஆனால் முதலில் கண் பார்க்கட்டும், பொருள் பிறகு வரட்டும். பொருளை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அரை நிமிடத்தில் “சரி, புரிந்தது” என்று எழுந்துவிடுகிறார். படம் அவரிடம் பேச ஆரம்பித்தே இருக்காது.

எவ்வளவு நேரம் உட்காரணும்? படிப்படியா சொல்லுங்க.

தொடக்கத்தில் 20 நிமிடம் போதும். முதல் 2 நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்து, “ஆண்டவரே, நான் பார்க்க வேண்டியதைக் காட்டும்” என்று கேளுங்கள். அடுத்த 5 நிமிடம் படத்தை ஓரத்திலிருந்து உள்ளே பாருங்கள்: மூலைகள், பின்னணி நிறம், துணி மடிப்பு, பாதம், கை, முகம் கடைசியில். அதன்பின் படத்துக்குரிய வேதப்பகுதியை, 4 முதல் 8 வசனம், மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். 3 நிமிடம் ஆகும். மறுபடி படத்துக்கு வந்து, முன்பு கண் எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே 5 நிமிடம் இருங்கள். மிச்சமுள்ள 5 நிமிடம் பேசுங்கள். நண்பன் நண்பனோடு பேசுவது போலப் பேசச் சொல்கிறார் புனித இஞ்ஞாசியார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடியுங்கள்.

கைப்புத்தக அளவுப் படம் என்றால் இரண்டடி தூரம், காலண்டர் அளவு என்றால் மூன்று, நான்கு அடி. உட்கார்ந்தால் படம் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரில் இருந்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். மலையில் இன்னொன்றும் உண்டு: விடியற்காலைத் தரைக் குளிரில் உட்கார்ந்தால் நினைப்பெல்லாம் முட்டியிலேயே நிற்கும். கம்பளி விரித்து, காலுறை போட்டு உட்காருவதில் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

பெரும்பாலும் தவறுவது எங்கே என்றால், முகத்திலிருந்து ஆரம்பிப்பதில். முகத்தைப் பார்த்ததும் பழகிப்போன உணர்ச்சி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. மற்றவை கண்ணில் படுவதே இல்லை.

எங்க வீட்ல சதா சகாய மாதா படம்தான் இருக்கு. அதுல பார்க்க என்ன இருக்கு?

நிறைய. பழைய கீழைத் திருச்சபை மரபில் எழுதப்பட்ட படம் அது. மூலப்படம் ரோமில் புனித அல்போன்சு கோயிலில் 1866 முதல் இருக்கிறது. மேலே இரண்டு பக்கமும் சிறியதாக இரண்டு வானதூதர்கள். நமக்கு இடப்பக்கம் மிக்கேல்: கையில் ஈட்டி, காடியில் தோய்த்த பஞ்சு கட்டிய கோல். வலப்பக்கம் கபிரியேல்: சிலுவையும் ஆணிகளும். மங்கள வார்த்தை சொன்ன அதே தூதர்தான் இங்கே சிலுவையைத் தூக்கி வருகிறார். இந்த ஒன்றை வைத்தே ஒரு வாரம் தியானிக்கலாம்.

இப்போது குழந்தையைப் பாருங்கள். அது அம்மாவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிச் சிலுவை இருக்கும் பக்கம் பார்க்கிறது. இரண்டு கையும் அம்மாவின் ஒரே கைக்குள் இருக்கின்றன. அம்மாவின் கை அவற்றை இறுக்கிப் பிடிக்கவில்லை, விரிந்தே இருக்கிறது. வேண்டிய நேரம் பிடித்துக்கொள், போகவேண்டிய நேரம் போ என்பது போல. பிறகு கீழே வாருங்கள். ஒரு காலின் செருப்பு வாரில் தொங்குகிறது, உள்ளங்கால் தெரிகிறது. பயந்து ஓடிவந்து தாயின் மடியில் ஏறிய பிள்ளைக்குச் செருப்பு கழன்றதாகச் சொல்வது வழக்கம். மாதாவின் கண்ணோ குழந்தைமேல் இல்லை, நம்மைப் பார்க்கிறது.

பின்னணித் தங்க நிறம் வானமும் இல்லை, சுவரும் இல்லை. நேரமும் நிழலும் இல்லாத இடம், அதாவது கடவுளின் ஒளி என்று பொருள். நெற்றிக்கு மேலுள்ள நட்சத்திரம் கடலில் வழிகாட்டும் விண்மீனைக் குறிக்கிறது. தலைக்கு இருபுறமும் உள்ள கிரேக்க எழுத்துகள் ‘கடவுளின் தாய்’ என்பதன் சுருக்கம். மலிவான அச்சில் தூதர்களை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கிப் போடுகிறார்கள். அதை வாங்காதீர்கள். தூதர்கள் போனால் குழந்தை எதைப் பார்த்து மிரள்கிறது என்பதே போய்விடுகிறது.

படத்துக்கு முன்னாடி உட்கார்ந்து ஜெபிச்சா அது விக்கிரக ஆராதனை ஆகாதா? எங்க சொந்தக்காரங்க சண்டைக்கு வர்றாங்க.

அவர்கள் காட்டும் வசனம், எந்த உருவத்தையும் செய்யாதே என்னும் விடுதலைப்பயணம் 20:4. அதே நூலில் 25:18-இல் உடன்படிக்கைப் பேழையின்மேல் பொன் கெருபுகளைச் செய்யச் சொல்பவரும் அதே கடவுள்தான். எண்ணிக்கை 21:8-இல் வெண்கலப் பாம்பைச் செய்து கம்பத்தில் ஏற்றச் சொல்கிறார். ஆனால் 2 அரசர்கள் 18:4-ஐயும் மறைக்காமல் வாசியுங்கள்: மக்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அதை உடைத்துப் போட்டார். அதுவும் சரிதான். கி.பி. 787-இல் நிசேயாவில் இரண்டாம் முறையாகக் கூடிய பொதுச்சங்கம் தந்த தீர்வு இது: ஆராதனை கடவுளுக்கு மட்டும். படத்துக்குக் காட்டும் மரியாதை அதில் காட்டப்பட்டவரைச் சென்றடைகிறது. கடவுள் மனித முகம் எடுத்ததால்தான் அந்த முகத்தை வரைய முடிகிறது. கொலோசையர் 1:15 கிறிஸ்துவையே கண்ணுக்குப் புலப்படாத கடவுளின் சாயல் என்கிறது.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி. படம் கீழே விழுந்து உடைந்தால் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று நடுங்குகிறீர்களா? குறிப்பிட்ட சுரூபத்தின் முன் நின்றால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் ஒரு வாரம் படத்தை எடுத்து வைத்துவிட்டு வெறும் சுவர் முன்னால் ஜெபியுங்கள். சொந்தக்காரர்களோடு வாதாடுவதைவிட இது பயன் தரும்.

சலேத் மாதா ஏன் முகத்தை மூடி அழறாங்க? நெஞ்சுல இருக்கிற சிலுவைல சுத்தியல் எதுக்கு?

பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள மேய்ச்சல் நிலம் லா சலேத். 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள், 14 வயது மெலானி, 11 வயது மாக்சிமின், ஒளியின் நடுவே ஒரு பெண் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்து அழுவதைக் கண்டார்கள். மறைமாவட்ட ஆயர் 1851-இல் இதை நம்பத்தக்கதென அறிவித்தார். கோடைக்கானலில் அந்த மாதாவின் பெயரில் கோயில் எழுந்தது 1866-இல். உட்கார்ந்து அழுவது, எழுந்து நின்று பேசுவது, மேலே எழுந்து மறைவது என்று காட்சிக்கு மூன்று நிலைகள் உண்டு. உங்கள் முன்னால் இருக்கும் சுரூபம் எந்த நிலை என்பதை முதலில் பாருங்கள். அழும் நிலையானால் ஓசியா 11:8-ஐ வாசியுங்கள். நின்று பேசும் நிலையானால் மாதா சொன்ன செய்தியைத் தியானிக்க வேண்டும்.

நெஞ்சில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. சுத்தியல் ஆணி அடிக்க, குறடு ஆணி பிடுங்க. இரண்டுக்கும் நடுவில் ஆண்டவர். இரண்டு கருவியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இன்று என் கை எதை எடுத்தது என்று கேட்பதுதான் தியானம். கேள்வியைப் பொதுவாக விடாதீர்கள். இன்று காலை முதல் பேசிய பேச்சில் எது சுத்தியல், எது குறடு என்று ஒவ்வொன்று எடுத்துச் சொல்லுங்கள். தோளைச் சுற்றிக் கனத்த சங்கிலியும், அதையொட்டி ரோஜா மலர்களும் இருக்கும். சங்கிலி பாவத்தின் சுமை, மலர் ஜெபமும் அன்பும் என்பது மரபாகச் சொல்லும் பொருள்.

மலையில் பயிர் செய்கிறவர்கள் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று இந்தச் செய்தியில் இருக்கிறது. மாதா பேசியது அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றி. அந்த ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் கருகல் நோய் உருளைக்கிழங்கை அழித்துக்கொண்டிருந்தது. முதலில் பிரெஞ்சு மொழியில் பேசினார். உருளைக்கிழங்குக்கு அவர் சொன்ன சொல் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. உடனே அவர்கள் வீட்டில் பேசும் வட்டார மொழிக்கு மாறினார். கெட்டுப்போன கோதுமையைப் பார்த்தது உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றான் மாக்சிமின். ஒருநாள் அவன் தகப்பன் ஒரு வயலில் அவனுக்குக் கதிரைக் கசக்கிக் காட்டியதையும், வீடு திரும்பும் வழியில் ரொட்டித் துண்டைக் கொடுத்து அடுத்த வருடம் யார் சாப்பிடப் போகிறார்களோ என்று கவலைப்பட்டதையும் மாதா நினைவுபடுத்தினார். மறந்துபோன மகனுக்கு அப்பாவின் கவலையை எடுத்துச் சொல்லும் தாய் அவர். ஒரே இரவில் உருளைச் செடி கறுத்துச் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணீரின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேழைக் கதவுல கொக்கு மாதிரி ஒண்ணு குஞ்சுகளோட இருக்கே?

அது கொக்கு அல்ல, கூழைக்கடா. பஞ்ச காலத்தில் தாய்ப்பறவை தன் மார்பைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுகளை ஊட்டும் என்று பழங்காலத்தில் நம்பினார்கள். புனித தோமா அக்குவினாவின் நற்கருணைப் பாடலிலும் கிறிஸ்துவைக் கூழைக்கடா என்று அழைக்கும் வரி உண்டு. அதனால்தான் நற்கருணைப் பேழையில் இடம் பிடித்தது. உண்மையில் எந்தக் கூழைக்கடாவும் இப்படிச் செய்வதில்லை. அலகை மார்போடு அழுத்திக் குஞ்சுக்கு மீனைக் கக்கிக் கொடுப்பதை யாரோ தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். பறவையைப் பற்றிய செய்தி தவறு என்பதால் அடையாளம் செல்லாமல் போவதில்லை. யோவான் 6:53-57-ஐ வாசித்துவிட்டுத் தாயின் அலகைப் பார்க்காமல் குஞ்சுகளின் திறந்த வாயைப் பாருங்கள். திருவிருந்துக்கு முன் இருக்கவேண்டிய நிலை அதுதான்.

சிங்கம், மாடு, கழுகு எல்லாம் கோயில்ல எதுக்கு?

நான்கு நற்செய்தியாளர்கள். மனிதன் மத்தேயு, சிங்கம் மாற்கு, காளை லூக்கா, கழுகு யோவான். எசேக்கியேல் 1:10, திருவெளிப்பாடு 4:7 இரண்டையும் பாருங்கள். புனித ஜெரோம் காலம் முதல் மேற்குத் திருச்சபையில் நிலைத்த வரிசை இது. அதற்கு முன் புனித இரேனேயு வேறு விதமாகப் பொருத்தியிருந்தார்.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ்ல கண்ணாடிச் சன்னலைப் பார்க்கப் போனேன், ஒரே மூடுபனி. வெயில் நாள்ல திரும்ப வரட்டுமா?

அவசியம் இல்லை. வண்ணக் கண்ணாடியில் நேர் வெயில் விழுந்தால் நிறம் பளீரென்று இருக்கும், ஆனால் முகக் கோடுகள் கரைந்துவிடும். பனிமூட்டம் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்புகிறது. கண்ணும் விரலும் தெளிவாகத் தெரிவது அந்த நேரத்தில்தான். உள்ளே நுழைந்ததும் பார்க்காமல் 5 நிமிடம் கண்ணை அந்த இருட்டுக்குப் பழக்குங்கள். உள்விளக்கு எரிந்தால் அணைக்க முடியுமா என்று உபதேசியாரிடமோ கோயில் பணியாளரிடமோ கேளுங்கள்.

நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது: நீலம் கோபால்ட்டால், மஞ்சள் பெரும்பாலும் வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டதால். துண்டுகளை இணைக்கும் கறுப்புக் கோடு ஈயப் பட்டி. அந்தக் கோடு எங்கே உடலை வெட்டாமல் ஓரமாகப் போகிறது என்று கவனித்தால் கைவினைஞர் எதை முக்கியமாக நினைத்தார் என்பது புரியும். பல காட்சிகள் உள்ள சன்னலைப் பெரும்பாலும் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். அதே கோயிலின் மேற்குச் சுவரில் பெரிய இராவுணவு ஓவியமும் இருக்கிறது. 1830-இல் அபிஷேகம் செய்யப்பட்ட இந்தக் கோயிலின் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து மலைக்குக் கொண்டுவரப்பட்ட மரம். போரில் வீழ்ந்த அரண்மனையின் கட்டைகள் தலைக்கு மேல் தாங்கி நிற்க, அடியில் ‘இது உங்களுக்காகக் கொடுக்கப்படும் என் உடல்’ என்ற காட்சி. இதைக் கவனிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

வெரோணிக்கா பைபிள்லயே இல்லையே, அந்த ஸ்தலத்துல எப்படித் தியானிக்கறது?

சிலுவைப்பாதையின் ஆறாம் ஸ்தலத்தில் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்கா மட்டுமல்ல, அவர் மூன்று முறை விழுவதும் நற்செய்தியில் இல்லை, மரபு தந்தது. ஸ்தலங்கள் பதினான்கு என்ற எண்ணிக்கை 1731-இல் உறுதியானது. வசனத்தில் உள்ள நிகழ்ச்சிகளை மட்டும் வைத்து 1991-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நடத்திய சிலுவைப்பாதையையும் நீங்கள் பயன்படுத்தலாம். ஆறாம் ஸ்தலத்தில் நிற்பதானால் மத்தேயு 25:40-ஐயும் எசாயா 53:2-3-ஐயும் வையுங்கள். பார்க்க விரும்பாத முகத்தை ஒருத்தி துடைக்கிறாள், அந்த முகமே அவள் துணியில் தங்குகிறது.

ஸ்தலத்துக்கு அவசியமானது சிறு மரச்சிலுவைதான், படம் கூடுதல். காந்தல் குருசடி போன்ற இடத்தில் ஏற்றத்தில் நடக்கும்போது பதினான்கிலும் நின்று பார்க்க முயன்றால் மூச்சும் கவனமும் சேர்ந்தே போய்விடும். ஒரு வெள்ளிக்கு ஒரே ஸ்தலம் என்று முடிவு செய்து, மற்றவற்றில் ஜெபம் மட்டும் சொல்லிக் கடந்து செல்லுங்கள்.

பாஸ்கா நெருங்கும்போதுதான் நல்லா தியானிக்கலாம்னு பார்த்தா, எல்லாத்தையும் ஊதாத் துணி போட்டு மூடிடறாங்களே?

தவக்கால ஐந்தாம் ஞாயிறு முதல் மூடும் வழக்கம் அது. சிலுவை பெரிய வெள்ளி வழிபாடு முடியும்வரை, மற்றச் சுரூபங்கள் பாஸ்கா திருவிழிப்பு தொடங்கும்வரை. வயிற்றுக்கு உபவாசம் போலக் கண்ணுக்கும் உபவாசம். மூடிய துணிக்கு முன் உட்கார்ந்து, உள்ளே இருப்பதை நினைவிலிருந்து ஓரம் முதல் முகம் வரை சொல்லிப் பாருங்கள். எது நினைவுக்கு வரவில்லையோ அதை ஈஸ்டர் அன்று முதலில் தேடிப் பாருங்கள்.

படத்துல இயேசு வெள்ளைக்காரர் மாதிரி இருக்கார். மனசு ஒட்ட மாட்டேங்குது.

நியாயமான சங்கடம். அவர் பிறந்தது ஐரோப்பாவில் அல்ல. சென்னை பரங்கிமலையில் உள்ள பழைய கற்சிலுவையைப் பாருங்கள்: உருவமே இல்லை, அடியில் தாமரை, மேலிருந்து இறங்கும் புறா. கோவா ஓவியர் ஆஞ்செலோ த ஃபொன்சேகா (1902–1967) மாதாவைச் சேலை கட்டிய நம் பெண்ணாக வரைந்தார். இவற்றை வைத்துத் தியானியுங்கள். மனம் ஒட்டும்வரை முகத்தை விட்டுக் கையைப் பார்ப்பதும் ஒரு வழி. ஆணித் தழும்புக்கு நாடு கிடையாது.

மழைக்காலத்துல படத்துல பூஞ்சை பிடிக்குது. என்ன செய்யலாம்? கெட்டுப்போனா குப்பையில போடலாமா?

நீலகிரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கோடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனம் வேண்டும். மழையடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் நல்லது. சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போகும். படத்தாள் கண்ணாடியைத் தொடக்கூடாது, நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும். பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தால் உள்ளே பரவும். நன்றாகக் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். உலர்த்த வெயிலில் வைக்காதீர்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சும். மெழுகுவர்த்தி படத்துக்கு நேர் கீழே வேண்டாம், இரண்டடி தள்ளி வையுங்கள். ஈர மாலையைச் சட்டத்தின்மேல் போடாமல் முன்னால் தட்டில் வையுங்கள்.

மந்திரித்த, அதாவது குருவானவர் ஆசீர்வதித்த, படம் உருத்தெரியாமல் கெட்டுவிட்டால் எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம், அல்லது அப்படியே மண்ணில் புதைக்கலாம். குப்பையிலும் ஓடையிலும் போடக்கூடாது.

செல்போன்ல படத்தை வச்சுப் பார்த்தா ஆகாதா?

பெரிதாக்கி நுணுக்கம் பார்க்க உதவும். ஆனால் தியானத்துக்கு அச்சிட்ட படம் நல்லது. செல்போனில் விரல் சும்மா இருப்பதில்லை.

ஒரே அடையாளத்துக்கு ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் வேற சொல்றார். எதை நம்பறது?

சிங்கம் யூதா குலத்துச் சிங்கமாகவும் வரும் (திருவெளிப்பாடு 5:5), கர்ச்சித்துத் திரியும் அலகையாகவும் வரும் (1 பேதுரு 5:8). பாம்பு ஏதேனிலும் உண்டு, மேலே சொன்ன மோசேயின் கம்பத்திலும் உண்டு. இரண்டாவதைத் தமக்கே உவமையாக எடுத்துக்கொண்டார் ஆண்டவர் (யோவான் 3:14). எனவே தனி உருவத்தை எடுத்துப் பொருள் தேடாதீர்கள். அது யார் காலடியில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிலுவையடியில் மண்டையோடு இருந்தால் அது இயேசு அறையப்பட்ட கொல்கொதாவும், அங்கே புதைக்கப்பட்டதாக மரபு சொல்லும் ஆதாமும். துறவியின் மேசைமேல் இருந்தால் மரண நினைவு.

இரண்டு பொருளும் பொருந்தும் இடங்களும் உண்டு. சதா சகாய மாதா படத்தின் செருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரூத்து 4:7-இல் மீட்கும் உரிமையை உறுதிசெய்யச் செருப்பைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் சொல்லப்படுகிறது. அதனால் கழன்ற செருப்பை மீட்பின் அடையாளமாகவும் வாசிப்பார்கள். பயந்த குழந்தை, மீட்கும் ஆண்டவர் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

எல்லா அர்த்தமும் மனப்பாடம் ஆயிடுச்சு. இப்ப படத்தைப் பார்த்தா ஒண்ணுமே தோணல.

நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் இது வரும். படத்தைப் பார்த்ததும் விளக்கம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அப்போது புதுப் படம் தேடிப் போகாதீர்கள். அதே படத்தில் ஒரே ஒரு பொருளை எடுத்து ஏழு நாள் வையுங்கள். வேதப்பகுதியும் அந்த ஏழு நாளும் ஒன்றே இருக்கட்டும். இரண்டாம் கேள்வியில் சொன்ன நேரக் கணக்கில் பார்க்கும் 5 நிமிடத்தைப் பத்தாக்கி, பேசும் நேரத்தை விட்டுவிடுங்கள். பேச வரவில்லை என்றால் பேசாமல் இருக்கலாம், கூய்கோவின் நான்காம் படி அதற்குத்தான்.

மூன்றாம் நாள் சலிப்பு வரும், நான்காம் நாள் எழுந்து போகத் தோன்றும். 20 நிமிடம் முடியும்வரை எழாதீர்கள். செருப்பை எடுத்துக்கொண்டவர்கள் அதன் வாரை மட்டும் பாருங்கள்: இன்னும் அறுந்து விழவில்லை, தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.